கடுப்பு என்பதற்கு ஆங்கிலத்தில்

வென்ட்வொர்த்வில் கடைத்தொகுதியில்
பொரித்த கோழிக்கும் சாவி வெட்டுபவனுக்கும் நடுவே
திரை போட்ட ஒரு மூலை.
கழுத்து, தோள். இருபது நிமிடம். முப்பத்தைந்து டாலர்.
மூன்று மாதமாக இதைக் கடந்துதான்
மீன் வாங்கப் போய்வந்தேன்
தலையைத் திருப்பாமல்.
திருப்ப முடியாமல் என்பதே சரி.

பெயர் என்ன என்றாள்.
ஐந்து, மூன்று, சுழியம் என்று தொடங்கிவிட்டேன்.
தொலைபேசியில் என்னை அப்படித்தான் சொல்வேன்:
உரைபெயர்ப்பாளர், தமிழ், ஆறு இலக்கம்.
அவள் சிரிக்கவில்லை.
சட்டையில் குத்தியிருந்த அட்டையைத் தட்டிக் காட்டினாள்.
பதினொன்று.

குப்புறச் சாயும் நாற்காலி.
முகத்துக்கென்று ஓர் ஓட்டை.
அதன் வழியே உலகம் இவ்வளவுதான்:
சாம்பல் நிறத் தரை,
யாரோ தவறவிட்ட தலைமுடிக் கிளிப்,
அவளுடைய நீலச் செருப்பின் நுனி.

எங்கே நோகிறது என்று கேட்டாள்,
ஆங்கிலத்தில், இரண்டே சொல்லில்.
பன்னிரண்டு வருடமாக என் வாயால் வந்த கேள்வி.
எங்க நோகுது அம்மா,
பத்துக்கு எத்தனை போடுவீங்கள்,
இரவிலை கூடுதோ.
பதிலுக்கு வாய் திறந்தேன்.
"வலது தோளில் என்று இவர் சொல்கிறார்."
பதினொன்று சுற்றிப் பார்த்தாள்
கூட வேறு யாரும் வந்தார்களா என்று.

எங்கள் விதி இதற்கு நேர் எதிர்.
அவர்கள் நான் என்றால் நானும் நான் என்க வேண்டும்.
நேற்றுக் காலை எனக்குக் கரு கலைந்தது.
பத்தரைக்கு எனக்கு எழுபத்தொரு வயது,
இரண்டு நாளாகச் சிறுநீர் போகவில்லை.
மதியத்துக்குப் பின் நான் படகில் வந்தவன்,
என் மனைவிக்கு இதைச் சொல்லாதீர்கள்.
கொடுத்துக் கொடுத்து
எனக்கென்று வேண்டியபோது
அந்த ஒரு சொல் கையிருப்பில் இல்லை.

அவள் கட்டைவிரல்
தோள்பட்டை எலும்பின் ஓரமாக ஊர்ந்து
ஓரிடத்தில் நின்றது.
புளியங்கொட்டை ஒன்று அங்கே.
உருட்டினாள்; அது நழுவியது; திரும்பப் பிடித்தாள்.
ஹெட்செட் தருவதற்கு முன்
காதுக்கும் தோளுக்கும் இடையில்
ஊர்பேர் தெரியாதவர்களை இடுக்கிக்கொண்டு
குறிப்பெடுத்த வருடங்களோ?
குறிப்பைக் கிழித்துவிட வேண்டும்.
வீட்டில் மூச்சு விடக்கூடாது.
தாள் கிழியும். மற்றது?

போன செவ்வாய் ஒருத்தி கை கடுக்குது என்றாள்.
வலி என்று பெயர்த்தேன்.
அவளுக்கும் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் போல.
"இல்லைப் பிள்ளை, அது இல்லை" என்றாள்.
உண்மைதான். குத்து வேறு, உளைவு வேறு,
எரிவு, விறைப்பு, இழுப்பு எல்லாம் வேறு.
கடுப்பென்பது
வேலை முடிந்து நாம் படுத்த பிறகும்
தான் மட்டும் எழுந்திருந்து வேலை பார்ப்பது.
மருத்துவர் காத்திருந்தார்.
பிறகு பட்டியலில் எதையோ அழுத்தினார்.
எதை என்று கேட்க எனக்கு அனுமதி இல்லை.

ஸ்ஸ் என்றேன்.
எந்த மொழியும் இல்லை அது.
பதினொன்று உடனே அழுத்தத்தைத் தளர்த்தி
முழங்கையை விட்டு உள்ளங்கைக்கு மாறினாள்.
நீலச் செருப்பு
இடக்காலிலிருந்து வலக்காலுக்குப் பாரத்தை மாற்றியது.
திரும்ப மாற்றியது.
காலையிலிருந்து எத்தனை கழுத்தோ.

காசு கொடுக்கும்போதுதான் பார்த்தேன்,
அவள் பெருவிரலின் அடியில்
தோல் நிறத்து ஒட்டுப்பட்டை.
மறு கையால் அதைப் பிசைந்துகொண்டிருந்தாள்.
"கடுக்குதோ?"
தமிழில் கேட்டுவிட்டேன்.
என் கண் போன இடத்தை அவளும் பார்த்தாள்.
சுவான் என்றாள்.
எலுமிச்சை கடித்தவள் போல
முகத்தைச் சுருக்கிக் காட்டினாள்.
சுவான்.

பற்றுச்சீட்டின் பின்னால் அதை எழுதிக்கொண்டேன்,
கேட்டபடியே, தமிழ் எழுத்தில்.
இந்தக் குறிப்பைக் கிழிக்க வேண்டியதில்லை.

வெளியே வந்து இடப்பக்கம் திரும்பினேன்.
திரும்ப முடிந்தது.
சாவி வெட்டுபவனுக்கு மீசை இருந்தது.