மறந்துவிடு என்றொரு பொத்தான்

காக்கட்டூ ஒன்று
எங்கள் வீட்டு இணையத்தைத் தின்றுவிட்டது.

துங்காபி. ஞாயிற்றுக்கிழமை. நாற்பத்தொரு பாகை வெயில்.
கூரை விளிம்பில் குந்தியிருந்து
மஞ்சள் கொண்டையை விரித்து, மடித்து,
முறுக்குக் கடிப்பதுபோலக்
கறுப்பு வயரைக் கடித்துக்கொண்டிருந்தது.
படமெடுத்தேன்.
அனுப்பத்தான் வழியில்லை;
கைபேசியின் டேட்டாவை
மகள் வெள்ளிக்கிழமையே குடித்து முடித்திருந்தாள்.

வியாழன் எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்
ஆள் வருவார் என்றது தொலைபேசியில் ஒரு குரல்.
நீங்கள் மனிதர்தானா என்று கேட்டேன்.
இசை போட்டார்கள்.

இந்த வீட்டில் விளக்குக்குக் காது வைத்தவன் நான்.
திரைச்சீலைக்கு விடியும் நேரம் சொல்லிக்கொடுத்தவன்.
பின்வளவு எலுமிச்சைக்குத் தாகமெடுத்தால்
அலுவலகத்தில் என் சட்டைப்பையில் மணியடிக்கும்.
அன்றிரவு இருட்டுக் கூடத்தில் நின்று
'விளக்கு... விளக்கு...' என்று கெஞ்சினேன்.
தர்மினி வந்தாள்.
சுவரைத் தடவினாள்.
வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்து
'இதுக்குப் பேர் சுவிட்ச்' என்றாள்.

வேறு வேலையில்லை.
கைபேசியின் அடிவயிற்றில் இறங்கினேன்.
இதுவரை நான் நுழைந்த வலைகளின் பட்டியல் அங்கே,
நூற்றுப் பதினேழு.
ஆறு கைபேசி மாறிவிட்டேன்,
பட்டியல் மட்டும் கூடுவிட்டுக் கூடு பாய்ந்து வந்திருக்கிறது.

சாங்கி விமான நிலையம்.
டப்போவில் ஒரு மோட்டல்.
குளியலறையில் மட்டுந்தான் சிக்னல் வரும்.
கழிவறை மூடிமேல் கோட்டும் டையுமாக உட்கார்ந்து
நேர்முகத் தேர்வு கொடுத்தேன்;
கீழே சாரம்.
வேலை கிடைத்தது.
ஹாரிஸ் பார்க்கில் ஐந்துபேர் இருந்த வீடு.
கடவுச்சொல், 'கோப்பைகழுவு'.
ஒருவனும் கழுவினதில்லை.
வெஸ்ட்மீட் மருத்துவமனை, விருந்தினர்.
பதினொரு நாள்.
அதை இங்கே எழுதவில்லை.

ஒவ்வொன்றின் கீழும் அதே வரி:
இந்த வலையமைப்பை மறந்துவிடு.
சொல்வது எவ்வளவு சுகம்.
தொட்டேன், சாங்கி போயிற்று.
தொட்டேன், டப்போ போயிற்று, சாரத்தோடு.
மருத்துவமனையைத் தாண்டி வந்தேன்.

பிறகு அருட்குமரன்.

பேச்சு நின்று ஆறு வருடம்.
ஒரு வாட்ஸ்அப் குழுவில்
பதினேழு நிமிடத்தில் முடிந்துபோன
இருபது வருடம்.
யார் முதலில் என்று திரும்பிப் படித்துப் பார்க்கலாம்;
எல்லாம் சேமிப்பில் இருக்கிறது, நேரம் போட்டு.
ஒருமுறை பார்த்தேன்.
முதலில் நான்தான்.

அவன் வீடு வென்ட்வெர்த்வில்லில், மூலைக் காணி.
வேலைக்குப் போகும் வழியில்
அங்கே சிவப்பு விழுந்தால் நிற்கவேண்டும்.
நான் நேரே பார்த்துக்கொண்டிருப்பேன்.
கைபேசிக்கு வெட்கமில்லை;
எனக்குத் தெரியாமல் அவன் வீட்டுக்குள் போய்
இரண்டு மின்னஞ்சலை எடுத்துக்கொண்டு வந்துவிடும்.

கடவுச்சொல்லை அவன் மாற்றவில்லை.

மனமில்லாமல் இருக்கலாம்.
அல்லது மாற்றத் தெரியாமலும் இருக்கலாம்;
அவன் வீட்டில் அந்த வேலைகள் செய்பவன்
நான்தானே.
கிளிநொச்சியில் அவன் விட்டுவந்த
மோட்டார் சைக்கிளின் இலக்கத்தைக் கேட்டு
நான்தான் போட்டுக்கொடுத்தேன்.
அன்றைக்குப் புட்டும் கணவாய்க் கறியும்.

பொத்தானுக்கு மேல் விரலை வைத்திருந்தேன்.
திரை தானாக அணைந்தது.

வியாழன் பதினொன்று ஐம்பதுக்கு
துவான் என்ற பையன் ஏணியோடு வந்தான்.
இந்தத் தெருவில் இது நான்காவது வீடாம்.
அந்தப் பிளாஸ்டிக்கின் ருசி பறவைக்குப் பிடித்துவிட்டதாம்.
புது வயருக்கு உறை போட்டுவிட்டுப் போனான்.
விளக்குக்குத் திரும்பவும் காது கேட்டது.
தர்மினி வேண்டுமென்றே சுவிட்சைத் தட்டினாள்.

எனக்கு வேறு கணக்கு.
அருட்குமரன் வீட்டுப் பெட்டிக்கு இப்போது எட்டு வயது.
அந்த மாதிரி அவ்வளவு காலம் தாங்காது.
முதலில் சூடேறும்,
பிறகு இரவில் தானாக அணைந்து அணைந்து எரியும்,
பிறகொரு நாள் சிவப்பு விளக்கோடு நின்றுவிடும்.
அப்போது அவன் யாரைக் கூப்பிடுவான்?

என் கார் டிக்கியில்
பிரிக்காத ரவுட்டர் ஒன்று கிடக்கிறது.
தள்ளுபடியில் வாங்கினது.
சும்மாதான்.