பின்னிணைப்பு ஏழு

ஆய்வுக்குழு வர ஒன்பது நாள் இருந்தது.
வளாகத்தில் வாழும் காட்டுயிர்ப் பட்டியல் வேண்டும்,
எண்ணிக்கையோடு,
நாளை மாலைக்குள் என்றார்கள்.
விலங்கியலில் நான் தொகுப்பூதியம்.
மூன்று மாதமாக அதுவும் வரவில்லை.

மயில் என்று முதலில் எழுதினேன்.
எண்ணித் தீரவில்லை.
துணைவேந்தர் கார்க் கதவில்
தன்னையே எதிரியென்று கொத்துகிற ஒன்றைத்தான்
தனியாக அடையாளம் தெரியும்.

உடும்பு, ஒன்று.
தேர்வுத் துறைக்குப் பின்னால் உடைந்த சாக்கடை மூடிக்கடியில்.
மறுகூட்டலுக்கு நின்ற பிள்ளைகள்
வரிசையைக் கலைத்து ஓடியதில்
நாற்பது சாட்சிகள் எனக்கு.

'நரியையும் போட்டுக்கங்க மேடம்'
என்றார் இரவுக் காவல் காசிமாயன்.
'ரெண்டு மணிக்கு நாகமலையிலருந்து எறங்கும்.
லேடீஸ் ஆஸ்டல் மெஸ்ஸுல முட்டை போட்ட அன்னைக்கி
குட்டியோட வரும்.'
பார்த்தீங்களா?
'அது என்னையப் பாத்திருக்கு.'

தேவாங்கு என்று எழுதி
அடித்து
மறுபடி எழுதினேன்.
உடைமரப் புதருக்குள் டார்ச்சுக்கு எதிரே
இரண்டு கங்கு, ஒரே ஒரு தரம்.
எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டால்
திருப்பி அனுப்புவார்கள்.
ஒன்று என்று போட்டேன்.
போட்ட பிறகு
காட்டிக் கொடுத்தது மாதிரி இருந்தது.

மொத்தம் முப்பத்தோரு இனம்.
'பிரமாதம்மா, இதுக்குத் தனி மார்க் உண்டு' என்றார்
ஒருங்கிணைப்பாளர்.

மறுநாள் காலை ஜேசிபி வந்தது.
வருகிறவர்கள் கண்ணுக்குப்
புதர் புதராகவா தெரிவது?
என் பட்டியலின் இரண்டாம் பக்கத்தை முழுசாகவும்
மூன்றில் பாதியையும்
வழித்து மட்டமாக்கி
சிமெண்ட் கல் பதித்து
'பல்லுயிர்ப் பூங்கா' என்று பலகை நட்டார்கள்.
பலகையில் ஒரு மான்.
இங்கே மான் கிடையாது.

வந்தவர்களில் ஒரே ஓர் அம்மா
பட்டியலை விரல் வைத்துப் படித்தார்.
'தேவாங்கை எங்கே பார்த்தீங்க?'
அதோ, என்று காட்டினேன்,
பந்தலுக்குள் நீர்மோர் கொடுக்கிற இடத்தை.
அவர் அங்கேயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
பிறகு யாரோ போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள்.

அன்றிரவு காசிமாயன் போன் செய்தார்.
'நரி வந்துச்சு மேடம்.
பலகைய ஒரு சுத்து மோந்துச்சு.
காலத் தூக்கிக்
கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருச்சு.'

சிரித்தோம்.
தேவாங்கைப் பற்றி
அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.