எதிர்க்கரை மருந்துக்கடை

கடை காலியாகும்வரை நிற்பார்கள்.
பற்பசையின் விலையை இரண்டு முறை படிப்பார்கள்.
பிறகு, "தலைவலிக்கு ஏதாவது" என்று
என் வெள்ளைக் கோட்டின் இரண்டாவது பொத்தானிடம் சொல்வார்கள்.
இருபத்தாறு வருடம் இந்தக் கல்லாவுக்குப் பின்னால்.
எந்தத் தலைவலி என்று கேட்பதில்லை.
கேட்பது இவ்வளவுதான்:
நெஞ்சுக்கு மருந்து எடுக்கிறீர்களா?
நாக்கடியில் அடிக்கும் ஸ்பிரே இருக்கிறதா?
ஒரு பஸ் டிரைவர் அழுதார்.
ஒரு பையன், இருபத்திரண்டு வயது,
உடம்பில் ஒன்றுமில்லை, பயம் மட்டும்.
அவனுக்கு மாத்திரை தரவில்லை,
ஒரு டாக்டரின் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

குட்டாயிசியில் கல்யாணம் என்றால்
என் ஜும்பேர்தான் தமதா,
மேசைத் தலையில் நின்று வாழ்த்துரைப்பவன்.
மண்ணுக்கு ஒன்று, மாண்டவருக்கு ஒன்று,
காதலுக்கு என்று வந்தால் முக்கால் மணி நேரம்.
கையில் காட்டாட்டுக் கொம்பு, கொம்பு நிறைய ஒயின்.
கொம்புக்கு அடி இல்லை, தானாக நிற்காது,
தீரும்வரை யாராவது பிடித்தே இருக்கவேண்டும்.
அதை வைத்து ஒரு ஜோக் சொல்வான்.
எல்லோரும் சிரிப்பார்கள். நானும்.

வீட்டில் அவன் வாய் அடைத்துப்போய் மூன்றாவது குளிர்காலம்.
முதலில் முதுகுவலி என்றான்.
பிறகு, டிவியில் ஆட்டம் முடியட்டும் என்றான்.
பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டு
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.
நான் கண்ணாடி முன் நின்று
என் இடுப்பில் குற்றம் தேடினேன்,
நான்,
தினமும் நாலு பேருக்கு அந்த மாத்திரையைக்
காகித உறையில் மடித்துக் கொடுக்கிறவள்.

பிப்ரவரியில் அவன் கோட்டைத் துவைக்க எடுத்தேன்.
உள்பையில் ஒற்றை மாத்திரை, அட்டையிலிருந்து கத்தரித்தது.
ரியோனி ஆற்றுக்கு எதிர்க்கரைக் கடை ரசீதில் சுற்றியிருந்தது.
வெளிப்பையில் அவன் நெஞ்சுவலி ஸ்பிரே.
இரண்டுக்கும் நடுவில் ஒரு லைனிங் துணி.
ஒரே இரவில் இரண்டும் ரத்தத்தில் சந்தித்தால்
அழுத்தம் கிணற்று வாளி மாதிரி இறங்கும்,
கயிறு யார் கையிலும் இருக்காது.
சோப்பு நுரைக்குள் என் கை நடுங்கியது.
பனியில் பாலம் கடந்து நடந்திருக்கிறான்
மனைவி நிற்காத ஒரு கல்லாவைத் தேடி.

"ஏன்?" என்றேன்.
முக்கால் மணி நேரம் பேசுகிறவனிடம்
மூன்றே வார்த்தை இருந்தது:
"நீ சிரிப்பாய் என்று."

டாக்டர் எலிசோவிடம் நான்தான் பேச ஆரம்பித்தேன்.
என்னை வெளியே போகச் சொன்னார்.
மெல்லிய கதவு.
காலையில் தானாக எழுகிறதா?
கால்விரல் மரத்துப்போகிறதா?
ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?
சர்க்கரை எந்த வருடத்திலிருந்து?
"அங்கே போகிற ரத்தக்குழாய்
இதயத்துக்குப் போவதைவிடச் சன்னம்.
அடைப்பு முதலில் அங்கேதான் தெரியும்.
மூன்று வருடம் முன்பே தபால் வந்திருக்கிறது,
நீங்கள் பிரிக்கவில்லை."
அவன் பதில் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

ஆக, மாத்திரை கிடையாது.
சிகரெட் மூன்று முறை போய்
நான்காவது முறை நிஜமாகவே போயிற்று.
பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள்.
சர்க்கரை இறங்கியது, ரொட்டியை
அவன் பார்க்கிற பார்வை இறங்கவில்லை.
திபிலிசியிலிருந்து ஒரு பம்ப் வந்தது.
பிளாஸ்டிக் குழாய், ரப்பர் வளையம்,
குறிப்பு முழுக்க ஜெர்மன் மொழியில்.
மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு
படம் பார்த்துப் புரிந்துகொண்டேன்.
முதல் தடவை அது போட்ட சத்தத்தில்
ஆமாம், சிரித்துவிட்டேன்.
அவனும். கண்ணில் நீர் வரும்வரை.
அன்று அதுதான் நடந்தது,
வேறொன்றும் நடக்கவில்லை.

சில இரவு நடக்கிறது. சில இரவு இல்லை.
பம்ப் எங்கள் கல்யாண மேசைவிரிப்பில்
சுற்றி அலமாரியில் இருக்கிறது.

செப்டம்பரில் அவன் தங்கை மகளுக்குக் கல்யாணம்.
கொம்பில் மாதுளைச் சாறு.
காதலுக்கு என்று எழுந்தான், வாயைத் திறந்தான்,
மேசை முழுக்கக் காத்திருந்தது.
"கை வலிக்கிறது, சியூரி," என்றான்,
"கொஞ்சம் பிடி."
பிடித்துக்கொண்டேன்.
சாறு மணிக்கட்டில் வழிந்து
சட்டைக் கைக்குள் போயிற்று.