வெந்நீர்ப் பக்கம் மட்டும்

பச்சைத் தண்ணீரில் ஒன்றுமில்லை.
சிவப்புப் புள்ளி வைத்த பக்கம் திருகினால்தான்
அழுகிய முட்டை ஒன்று
வண்டிக்குள் எங்கேயோ உடைகிறது.

தவசீலனுக்கு அது தெரியாது.
இரண்டு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சல்
அவன் மூக்கை இரவல் வாங்கிப் போனது,
திருப்பித் தரவில்லை.
அதே நீரில் சாவகாசமாகக் குளித்து
தலை துவட்டிக்கொண்டே சொல்வான்:
"உனக்கு எல்லாமே நாறும்."

பழைய வேன். வாங்கும்போதே பழையது.
மடக்குக் கட்டில், ஓர் அடுப்பு,
ஒருவர் நின்றால் நிறைந்துவிடும் குளியலறை,
இருக்கைக்கு அடியில் இருபது லிட்டர் இரும்புத் தொட்டி.
சி.ஓ.இ. முடிய ஏழு மாதம்.
அதன்பின் நசுக்கக் கொடுத்துவிட வேண்டியதுதான்.
ஏழு மாசத்துக்கு எதுக்கு இந்தச் செலவு என்றான்.
ஏழு மாதமும் நான் குளிக்க வேண்டாமா?

காக்கி புக்கிட்டில் மூன்றாம் மாடிப் பட்டறை.
குவெக் உள்ளங்கையில் நீர் பிடித்து
முகர்ந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
நான் தவசீலனைப் பார்த்தேன்.
அவன் விசிறியைப் பார்த்தான்.

எங்கே நிரப்பினீர்கள்?
மெர்சிங்கில், பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால்,
ஒரு கிணற்றுப் பம்பில்.
பிறகு?
பிறகு புக்கிட் பாத்தோக் கார்பார்க்கில் நான்கு மாதம்.
"சும்மா கிடக்கிற தண்ணீருக்கு
வாடகைக்கு ஆள் வந்துவிடும்" என்றார்,
ஸ்பேனரைத் தேடியபடி.

மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு,
மேல் வால்வைத் தூக்கி அழுத்தம் இறக்கி,
அடியில் திருகினார்.
வாளியில் முதலில் கறுப்பு, பிறகு தேநீர் நிறம்,
பிறகு வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புச் செதில்கள்,
முட்டை உண்மையிலேயே
உள்ளேதான் உடைந்து கிடந்ததுபோல.

கடைசியாக வந்தது அந்தக் கம்பி.
கட்டைவிரல் தடிமனில் போனதாம்.
யாரோ சப்பித் துப்பிய முருங்கைக்காய்
திரும்பி வந்தது.
துரு தொட்டியைத் தின்னாமலிருக்க
இந்த மக்னீசியத்தைத் தின்னக் கொடுக்கிறார்கள்.
அதன் தயவில்தான்
அந்த வாடகைக்காரர்களும் பிழைத்து
முட்டை வாசம் விடுகிறார்கள்.
காப்பதும் அதுவே, நாற வைப்பதும் அதுவே.
ஏதோ ஒரு தத்துவம் எழப் பார்த்தது.
பசித்தது. கீழே போய்
தே ஓ கோசோங் வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை வினிகர். சுண்ணாம்பு இளகியது.
கழுவினார், கழுவினார், கழுவினார்.
ஞாயிறன்றுதான் குளோரின்.
"ரெண்டையும் கலந்தால் நாற்றம் போகாது,
நாம் போவோம்."
ஒவ்வொரு குழாயிலும்
நீச்சல்குள வாசம் எட்டும்வரை திறந்துவிட்டு
நாலு மணி நேரம் ஊறப் போட்டார்.
மறுபடி அலசல்.
புதுக் கம்பி அலுமினியம், துத்தநாகம் சேர்ந்தது.
ஏழு மாதத்துக்கு இது அதிகம் என்று
அவரே சொல்லிக்கொண்டு முடுக்கினார்.

மாலை ஆறரை.
ஒருவர் நிற்கும் இடத்தில் இருவர் நின்றோம்.
சிவப்புப் புள்ளியைத் திருகினேன்.
ஆவி. வெறும் ஆவி.
"போச்சா?"
கேட்டுவிட்டு என் மூக்கையே பார்த்தான்,
ஸ்கேன் அறை வாசலில்
மருத்துவர் முகத்தைப் பார்ப்பதுபோல.
சற்றே காத்திருக்க வைத்தேன்.
நான்கு மாதம் எனக்குக் கடன் இருந்தது.

"போச்சு."

தலையாட்டினான். குனிந்து
குழாயடியில் மூக்கை வைத்து
நெஞ்சு விம்ம இழுத்தான்.
நிமிரவில்லை.
"அது எப்படி இருந்துச்சு? சொல்லேன்."
அழுகின முட்டை மாதிரி.
"அது தெரியும். அது எப்படி இருக்கும்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
தீக்குச்சி அணைந்ததும் வருமே, என்று தொடங்கினேன்.
நனைந்த நாணயம். மழைக்கு முந்தைய சாக்கடை.
பள்ளிக்கூட ஆய்வகம், உன் பக்கத்துப் பெஞ்சு.
ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி
"ம்" என்றான்,
"ம், அப்புறம்?"

வெந்நீர் கொட்டிக்கொண்டே இருந்தது.
வெளியிலிருந்து குவெக் கத்தினார்:
தண்ணி மீட்டர் என்னோடது!