மேலே போன பந்து

எழுபத்தோராவது நிமிடம்.
டாண்டினோங்கில் ஜூலை மழை விட்டுப்
பத்து நிமிடம்கூட ஆகவில்லை.
கோல்கீப்பர் உதைத்த பந்து
ரயில்பாதைக் கம்பிகளுக்கும் மேலே ஏறி
அங்கேயே கொஞ்சம் யோசித்தது.

மேலே போனதைப் பார்க்காதே என்றுதான்
பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்.
பந்து எப்படியும் கீழே வரும்.
அது ஒருநாளும் பழி வாங்கியதில்லை.
காத்து நிற்கிற இருவரைப் பார்.
யார் பந்தை அளக்கிறான், யார் ஆளை அளக்கிறான்,
கை உயர்வது உந்தி எழவா,
முழங்கை ஏன் தோளுக்கு மேலே கூராகிறது,
ஏறுகிறவன் எங்கே இறங்கப் போகிறான்.
சிலவேளை ஒருவன் துள்ளவே மாட்டான்,
சும்மா குனிந்து கொடுப்பான்.
மேலே போனவன் காற்றில் குடைபோலப் புரண்டு
கழுத்தில் விழுவான்.
குனிந்தவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.
அவனைத்தான் பார்.

பன்னிரண்டு வருடம் பார்த்தேன்.
அன்றைக்குப் பந்தைப் பார்த்துவிட்டேன்.

காரணம் சொல்ல வெட்கம்.
மேகம் விலகி, நனைந்த பந்தின் ஒரு பக்கத்தில்
வெயில் பட்டது.
தையலில் தங்கிய நீர்
சுழன்று தெறித்தது.
அவ்வளவுதான். அரை விநாடி.

ஈரப் பலகை முறிந்த சத்தம்.

மிர்சாத் சேற்றில், வாயைப் பொத்தியபடி.
விரலிடுக்கில் சிவப்பு.
தெங் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறான்,
கடையில் ஒன்றும் எடுக்கவில்லை என்கிற பிள்ளைபோல.
"பந்தைத்தான் பார்த்தேன், மிஸ்."

நானும்தான், தம்பி.

கொடி பிடித்து நின்ற பையனைப் பார்த்தேன்.
அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம்
முட்டைப் பந்தாட்டம் நடக்கிறது.
ஒருவன் இன்னொருவன் முதுகில் முழங்காலை ஊன்றி
தோளுக்கு மேல் எழுந்து பந்தைப் பிடிக்கிறான்.
வரிசையாய் நின்ற கார்களெல்லாம் ஹார்ன் அடிக்கின்றன.
வாழ்த்தாம்.

மஞ்சள் மார்புப் பையில். சிவப்பு பின்பையில்.
என் கை எந்தப் பக்கம் போகும் என்று
மைதானம் முழுதும் பார்க்கிறது.
பார்த்ததாக நடிக்கலாம்.
ரத்தம் இருக்கிறதே, யார் கேட்கப் போகிறார்கள்?

கை எங்கேயும் போகவில்லை.
மிர்சாத்தைத் தாங்கிக் கொண்டுபோனார்கள்.
விதிப்படி ஒருவன் மட்டும் என் முன்னே,
மற்றவர்கள் நாலரை மீட்டர் தள்ளி.
பந்தை இடுப்பளவில் பிடித்து
விட்டேன்.
இரண்டு பக்கமும் ஏசினார்கள்.
கண்ணாடி வாங்கித் தருவதாக ஒருவர் சொன்னார்,
அவர் மனைவி கடை வைத்திருக்கிறாராம்.

இரவு அறிக்கைப் படிவம் கேட்டது:
கவனக்குறைவா, பொறுப்பின்மையா,
மிதமிஞ்சிய பலமா?
மூன்றில் ஒன்றைத் தெரிந்தால்தான்
அடுத்த பக்கம் திறக்கும்.
முதலாவதை அழுத்தினேன்.
எவர் பெயருக்கு என்ற கட்டத்தில்
ஆட்டக்காரர் பெயர்கள் மட்டுமே இருந்தன.

தாடையில் இரண்டு தகடு என்று செய்தி வந்தது.

பிறகு சமையலறையில், விளக்கின் கீழே,
கையை உயர்த்தாமல் துள்ளிப் பார்த்தேன்.
முடியவில்லை.
இன்னொரு தடவை, முழங்கையை விலாவோடு ஒட்டி.
நிலத்தை விட்டு நாலு விரல்கூட எழும்பவில்லை.
மூன்றாம் தடவை கையை விட்டேன்.
அது தானாகவே மேலே போனது,
குளிர்பெட்டி மேலிருந்த உப்புப் போத்தலைத் தட்டியது.

கீழ்வீட்டுக்காரர் கூரையில் தடியால் இடித்தார்.
எத்தனை முறை இடித்தார் என்று
எண்ணிக்கொண்டு நின்றேன்.