சிறுநிழல்

செண்பகனூர் தாவரக்கூடத்தில்
இன்று நாற்பத்திரண்டு லேபிள்.
நாப்தலின் நெடி. ஜன்னலுக்கு வெளியே
பெருமாள்மலை இருக்கவேண்டிய இடத்தில் மேகம்.

கடைசித் தாள் பூம்பாறையிலிருந்து:
பிடுங்க மறந்த கேரட்,
விதைக்கு ஓடி, வெள்ளையாய் விரிந்து,
செய்தித்தாளுக்குள் நசுங்கிக் காய்ந்தது.
பூங்கொத்தின் வகை எழுதும் கட்டத்தில்
உம்பெல்லா என்று தட்டினேன்.
அத்தோடு விட்டிருக்கலாம்.

கறையான் மிச்சம் வைத்த லத்தீன் அகராதியில்
அந்தப் பக்கம் தப்பியிருந்தது.
உம்ப்ரா: நிழல். பெண்பால்.
நமக்கு நிழல் அஃறிணை, அங்கே அவள் ஒருத்தி.
சிறிதாக்க நாம் முன்னால் ஒட்டுவோம்,
சிறுநிழல், குறுநிழல் என்று.
அவர்கள் பின்னால் ஒரு லா.
சின்னதான பிறகும் பெண்பால் மாறவில்லை.
ஆறாம் வேற்றுமையில்
தாய் உம்ப்ராய், மகள் உம்பெல்லாய்.
வெயிலுக்குப் பிடித்த சின்ன நிழலாம்.
கொடைக்கானலில் யாருக்கு வேண்டும் நிழல்?

லா வந்து உட்கார இடம் போதவில்லை.
நடுவில் ஓர் எகரம் நுழைந்து, உம்பெர்லா.
(நம் உம்பர் அல்ல. அது வானம், இதற்குச் சொந்தமில்லை.)
பிறகு லகரத்தின் பக்கத்தில் நின்ற ரகரம்
மெல்ல லகரமே ஆகிவிட்டது.
திரிதல் என்போம்.
கெடுதல் என்று சொல்லும், ரகரத்தைக் கேட்டால்.

பள்ளிச் சான்றிதழில் நான் ர. பெர்னதெத்.
ர, ரபேல். வத்தலக்குண்டு பஸ்ஸில் கண்டக்டர்.
கல்யாணமான நாலாம் மாதம் ரேஷன் கார்டில்
ல. பெர்னதெத்.
லாரன்ஸ் வற்புறுத்தவில்லை.
பக்கத்தில் நின்றதுதான்.
இப்போது அவர் கோயம்புத்தூரில்,
இன்னொரு கார்டில்.

அடியில் பொடி எழுத்து:
பிற்கால லத்தீனில் உம்ப்ரெல்லா.
தாய்ச்சொல்லின் ஞாபகத்தில்
ரகரம் திரும்பி வந்திருக்கிறது.
அதற்காக லகரம் எழுந்து போகவில்லை,
இரண்டும் அங்கேயேதான்.
தோன்றல், திரிதல், கெடுதல்.
இதற்கு நம்மிடம் பெயர் இல்லை.
திரும்பல் என்று நானே வைத்துக்கொண்டேன்.

நாலரைக்குத் தூறல் பிடித்தது.
லேபிளின் கடைசி வரி, தட்டச்சு செய்தவர்:
ர.
புள்ளி வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் பார்த்தேன்.
வெள்ளை மை தேடவில்லை.

குடை கொண்டுவரவில்லை.
பஸ் நிறுத்தம் வரை
தலைக்கு மேல் போன வாரத்துச் செய்தித்தாள்,
கேரட் பூவின் கறையோடு.