நாற்பத்தாறாம் நாள்

ஒப்பந்தம் எழுதும்போது
நாற்பத்தைந்து நாள் தாராளமாகத்தான் தெரிந்தது.
கூத்தப்பாக்கம், உள்தெரு, மேற்கு பார்த்த வாசல்,
இருபத்தாறு லட்சம்.
இரண்டை முன்பணமாகக் கொடுத்தோம்.
கஜபதி விரலை நனைத்து நனைத்து எண்ணினார்.
தவறினால் பணம் திரும்பாது என்ற வரியை மட்டும்
எழுத்தர் வேகமாக வாசித்தார்.

நான் மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்ப்பவள்.
குழாயில் பெயர் ஒட்டி உள்ளே வைத்தால்
நாற்பது நிமிடத்தில் முடிவு வந்துவிடும்.
வங்கியிலும் எங்கள் கோப்பின்மேல் பெயர் ஒட்டினார்கள்.
பன்னிரண்டாம் நாள், "விழுப்புரம் போயிருக்கு" என்றார்கள்.
பதினேழாம் நாளும் அது விழுப்புரத்தில்தான் இருந்தது.
கல்யாணமாகி இத்தனை வருடத்தில்
நான் வெளியூரில் ஐந்து நாள் தங்கியதில்லை.

இதற்கிடையில் வக்கீல் முப்பது வருட வில்லங்கம் கேட்டார்.
வில்லங்கம் இல்லை என்று சொல்லும் காகிதத்துக்கும்
வில்லங்கம் என்றுதான் பெயர்.
அவர் கருத்துக்கு நாலாயிரம்,
வங்கிக்குப் பரிசீலனைக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு வரி,
மதிப்பு போட வந்த இன்ஜினியருக்கு மூவாயிரம், ஒரு இளநீர்.

அவர் கூரையைப் பார்க்கவில்லை. தூணைத் தட்டவில்லை.
கூடத்தில் குந்தி
புதுச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார்.
இடுப்பளவில் பழுப்பாக ஒரு கோடு வந்தது.
"கெடிலம்" என்றார்,
தெரிந்தவரை அறிமுகப்படுத்துவதுபோல.
எந்த வருடம் என்று யாரும் கேட்கவில்லை.
கஜபதியும் சொல்லவில்லை.
இருபத்தாறு, இருபத்துமூன்றரை ஆனது.
அதில் எண்பது சதவீதம்தான் வங்கி தரும்.
என்றோ வடிந்துபோன தண்ணீர்
எங்களிடமிருந்து இரண்டு லட்சத்தை
இப்போது இழுத்துக்கொண்டு போனது.

அன்றிரவு பிரகலாதன் சிப்காட்டிலிருந்து வந்து
குளித்தும் போகாத சாய நெடியோடு உட்கார்ந்தார்.
விட்டுடலாமா, என்றார்.
விட்டால் போவதும் இரண்டு லட்சம்,
பிடித்தால் போவதும் இரண்டு லட்சம்.
நான் சோற்றை வடித்தேன்.
மறுநாள் திருப்பாப்புலியூரில் நான்கு வளையலையும் வைத்தேன்.
தராசு மட்டும் எந்தக் காகிதமும் கேட்கவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் வக்கீல் கூப்பிட்டார்.
தொண்ணூற்றாறில் நடந்த பாகப்பிரிவினையில்
தங்கை ஒருத்தியின் கையெழுத்து இல்லை.
மங்கவரத்தாள், வில்லியனூர்.
அவள் மகன் பதினைந்தாயிரம் கேட்டான்.
அவள் பஸ் காசு கேட்டாள்.
இரண்டையும் கொடுத்தோம்.
விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு
"எனக்கும் பாகம் இருந்துதா?" என்று
அண்ணனைப் பார்த்தாள்.
கஜபதி செல்போனைப் பார்த்தார்.

நாற்பத்துமூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை.
மாலை நாலரைக்கு, டிடி தயார் என்று போன்.
இனி பத்திர ஆபீஸ் திங்கட்கிழமைதான்.
விரல்விட்டு எண்ணினேன். நாற்பத்தாறு.
கஜபதி ரொம்ப நேரம் பேசவில்லை.
பிறகு, "ஒரு நாள்தானே,
ஃபேனையும் மோட்டாரையும் கழட்டிக்கிறேன்" என்றார்.

முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும்
வளையலைத் தின்றுவிட்டு சீட்டுப் பணத்தைத் தொட்டன.
தமயந்தி பிரகலாதன், என்று கூப்பிட்டார்கள்.
விரல் வைத்தேன். கேமராவைப் பார்த்தேன்.
அசல் பத்திரம் வாங்கும் ரசீதை
வங்கிக்காரர் என் கையில் படாமலே எடுத்துப் பையில் வைத்தார்.
அடமானத்தைப் பதிய இன்னொரு கட்டணம்;
அது யார் சொன்ன கணக்கிலும் இல்லை.
எனக்கு ஜெராக்ஸ் கொடுத்தார்கள்,
இன்னும் சூடாக இருந்தது.

பொழுது சாயும்போது போனோம்.
சாவி என் கையில் இருந்தது.
பூட்டையும் கஜபதி எடுத்துப் போயிருந்தார்.
தள்ளியதும் கதவு திறந்துகொண்டது.
ஃபேன் இருந்த இடத்தில் கொக்கி.
பிரகலாதன் பூட்டு வாங்கக் கடைக்குப் போனார்.
நான் கூடத்தில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தேன்.
அண்ணாந்தபோது
அந்தக் கோடு என் தலைக்கு மேலே இருந்தது.
எழுந்து நின்றுகொண்டேன்.